கடையில் கிடைக்காத புத்தகம்

சீனாவில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், "பைபிள் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது.

ஆனால், உலகத்திலேயே மிகப் பெரிய பைபிள் அச்சாபீஸ் என்று எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? சீனாவில், நான்ஜிங் நகரத்தில் இருக்கும் அச்சாபீசைத்தான்!

இது என்ன வேடிக்கை? கோடிக்கணக்கில் அச்சடிக்கிறார்கள். ஆனால் கடையில் விற்பதில்லை. அப்படியானால் அந்தப் புத்தகம் யாருக்குப் போகிறது? எப்படிப் போகிறது?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் ஓர் ஆயா. சேலம் சூரமங்கலத்தில் எங்கள் தெருவில் இருப்பவர். வயது எழுபதுக்கு மேல். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அறிவொளி இயக்கம் நடந்த நாளில், இரவு வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவர். இன்றைக்கு அவர் படிப்பது ஒரே புத்தகம். அது பைபிள். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிக் கூட்டையும் அதோடு சேர்த்து ரப்பர் பட்டை போட்டு வைத்திருப்பார்.

ஒருநாள் மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, நீ பேப்பர்ல எழுதற ஆளாச்சே. சீனாவுல பைபிளக் கடையில விக்க மாட்டாங்களாமே, நெசமா? அப்ப அந்தச் சனங்க எங்க போய் வாங்கும்?"

"விசாரிச்சுச் சொல்றனுங்க ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. ஏன், நம் சேலத்துக்கும் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது!

இந்தியாவில் அச்சான சீன பைபிள்

லண்டன் மிஷன் என்ற சங்கம் 1795-ம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கியது. அந்தச் சங்கம் 1827-ம் ஆண்டு சேலத்தில் வேலை ஆரம்பித்தது. ஹென்றி கிரிஸ்ப் என்ற பாதிரியார் இங்கே வந்தார். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1807-ல், இதே சங்கம் வேறொருவரைச் சீனாவுக்கு அனுப்பியிருந்தது. அவர் பெயர் ராபர்ட் மாரிசன்.

மாரிசனுக்குச் சேலம் போல எளிதான ஊர் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பலில் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்தது. அவர் அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து வேறு கப்பல் பிடித்துக் கான்டன் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். அங்கே வெளிநாட்டானுக்குச் சீன மொழி சொல்லிக் கொடுப்பதே குற்றம். பிடிபட்டால் சித்திரவதைக்கு ஆளாக வேண்டுமே என்று, அவருக்குப் பாடம் சொன்ன வாத்தியார்களில் ஒருவர் விஷத்தை எப்போதும் தன்னோடு வைத்திருந்தாராம்! 1812-ல் இன்னும் கடுமையான உத்தரவு வந்தது. சீன மொழியில் கிறிஸ்தவப் புத்தகம் அச்சடித்தால் மரண தண்டனை.

பிறகு எங்கே அச்சடிப்பது? மாரிசன் மொழிபெயர்த்த முழு பைபிள் 1823-ல் மலாக்காவில் அச்சாகி முடிந்தது. மலாக்கா இன்றைய மலேசியாவில் இருக்கிறது.

அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே இன்னொரு சீன பைபிள் அச்சாகி வெளிவந்துவிட்டது. அது வெளிவந்த இடம் நம் இந்தியா! கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சேரம்பூர் என்ற ஊர். அதைச் செய்தவர் ஜோஷுவா மார்ஷ்மன். அவர் சீனாவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. மக்காவில் பிறந்த லாசர் என்ற ஆர்மேனியரிடம் சேரம்பூரில் இருந்தபடியே சீனம் கற்றுக்கொண்டார். சீனாவில் அச்சடிக்க முடியாத புத்தகம், கங்கைக்கரையில் அச்சாயிற்று.

நம் நாட்டிலும் இந்த வேலை எளிதில் நடந்துவிடவில்லை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, அந்த ஊர் டேனிஷ் அதிகாரியோடு ஏற்பட்ட தகராறில் நாலு மாதம் சிறையில் இருந்தவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அவர் 1715-ல் அச்சிட்டு முடித்தார். அதற்குள் அவர் பட்ட பாடு காகிதப் பாடுதான். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த எழுத்தில் அச்சடித்தால் காகிதம் கட்டாது. ஆகையால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பிறகு பக்கத்தில் பொறையாறில் ஒரு காகித ஆலையே வைத்தார்கள்.

இந்தக் காகிதக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

கையால் எழுதிய பைபிள்

சீனாவில் 1949-ல் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. கிறிஸ்தவ சபைகள் எல்லாம் ஓர் அமைப்பின் கீழ் வர வேண்டும் என்றார்கள். அந்த அமைப்புக்கு 'முச்சுய இயக்கம்' என்று சொல்லலாம். சுய நிர்வாகம், சுய பொருள், சுய பிரசாரம் என்று மூன்று 'சுயம்'. வெளிநாட்டுப் பாதிரியாரும் வெளிநாட்டுப் பணமும் கூடாது என்பது அதன் கருத்து.

பலர் சேர்ந்தார்கள். சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் பெயர் பெற்றவர் பீக்கிங் நகரப் போதகர் வாங் மிங்தாவ். 1955-ல் அவரைக் கைது செய்தார்கள். நடுவில் கொஞ்ச காலம் வெளியே இருந்தார். மறுபடியும் பிடித்தார்கள். கடைசியாக அவர் விடுதலையானது 1980-ல். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 80.

அமைப்பில் சேராதவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. யாராவது ஒருவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். அதுதான் 'வீட்டுச் சபை'.

1966-ல் கலாசாரப் புரட்சி வந்தது. அது 10 ஆண்டு நடந்தது. அப்போது சேர்ந்தவர், சேராதவர் என்ற வித்தியாசம் இல்லை. எல்லாச் சபைகளையும் மூடினார்கள். பைபிள்களைக் குவித்து எரித்தார்கள். தப்பிய புத்தகம் ஒன்று ஓர் ஊரில் இருந்தால், அதைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூட நோட்டில் கையால் எழுதி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு பைபிளில் எத்தனை பக்கம் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பது புரியும்.

1979-ல் கோயில்களைத் திறக்க ஆரம்பித்தார்கள். 1980-ல் பைபிள் அச்சிடவும் அனுமதி கிடைத்தது. ஆனால் அச்சானது கொஞ்சம். காத்திருந்த ஜனங்களோ ஏராளம்.

இருட்டில் வந்த படகு

அப்போது நடந்த ஒரு சம்பவம் சினிமாக் கதை போல இருக்கும்.

1981-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி இரவு. தென் சீனாவில் சுவாட்டோ என்ற துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடற்கரை. கடலில் விளக்கு இல்லாமல் ஓர் இழுவைப் படகு வந்தது. அதன் பின்னால் ஒரு பெரிய தெப்பம். அதன் மேல் தண்ணீர் புகாத உறையில் கட்டிய மூட்டைகள். மொத்தம் 232 டன். அத்தனையும் சீன மொழி பைபிள்! எண்ணிக்கை 10 லட்சம்.

நாமக்கல் வாசகர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். பத்து டன் ஏற்றுகிற லாரியில் ஏற்றினால் 23 லாரி நிறைந்து மிச்சமும் இருக்கும்.

இதைச் செய்தது 'ஓபன் டோர்ஸ்' என்ற கிறிஸ்தவ ஊழியம். மூட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டு, சிறு படகுகளால் கரைக்கு இழுத்தார்கள். கரையில் ஜனங்கள் காத்திருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. படகு திரும்பிப் போய்விட்டது.

வந்தவர்கள் தப்பிவிட்டார்கள். கரையில் இருந்தவர்கள்? பின்னால் சிப்பாய்கள் வந்தார்கள். அகப்பட்ட புத்தகங்களைக் கடலில் எறிந்தார்கள். நனைந்த புத்தகங்களை மீனவர்கள் எடுத்துக் கூரையில் காயப்போட்டார்கள் என்றும் சொல்வார்கள். சீன விசுவாசிகள் சிலர் பிடிபட்டார்கள்.

இது வீரமா, விபரீதமா? இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று மட்டும் தெளிவு. கொண்டு வந்தவன் ஒரு ராத்திரியில் போய்விடலாம். வாங்கியவன் அந்த ஊரில்தான் குடியிருக்க வேண்டும்.

சட்டத்தின் வாசல் வழியே

இப்போது நான்ஜிங் அச்சாபீசுக்கு வருவோம்.

டிங் குவாங்ஷுன் என்ற ஆயர் சீன சபையின் தலைவராக இருந்தார். அவரும் வேறு சிலரும் 1985-ல் 'அமிட்டி' என்ற அறநிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். பல நாட்டு பைபிள் சங்கங்கள் கூடிய 'ஐக்கிய பைபிள் சங்கங்கள்' அதோடு கைகோத்தது. சர்க்கார் அனுமதியோடு அச்சாபீஸ் கட்டினார்கள். அச்சு இயந்திரத்தை வெளிநாட்டு பைபிள் சங்கங்கள் நன்கொடையாகக் கொடுத்தன. 1987-ல் முதல் பைபிள்கள் அச்சாகி வெளிவந்தன.

அதற்குப் பிறகு கணக்கு ஓட்டமாக ஓடியது. 2007-ல் 5 கோடி. 2012-ல் 10 கோடி. 2016-ல் 15 கோடி. 2019-ல் 20 கோடி! இதில் 8 கோடிக்கு மேல் சீன ஜனங்களுக்கே போயின. மற்றவை பல மொழிகளில் அச்சாகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின.

இங்கேதான் காகிதக் கதை மறுபடியும் வருகிறது. பைபிள் காகிதம் சாதாரணக் காகிதம் அல்ல. வெங்காயத் தோல் போல மெல்லியது. விலை அதிகம். அந்தக் காகிதத்துக்கான செலவை ஐக்கிய பைபிள் சங்கங்கள் நன்கொடை வாங்கிக் கொடுத்துவந்தன. ஆகையால் சீனாவில் பைபிளின் விலை மிகவும் குறைந்தது. கிராமத்து விவசாயிக்கும் எட்டுகிற விலை. முந்நூறு ஆண்டுக்கு முன் தரங்கம்பாடியில் எந்தக் கவலை இருந்ததோ, அதே கவலைதான் நான்ஜிங்கிலும் இருந்தது!

சரி, அச்சான புத்தகம் எங்கே போகிறது? அதில் 'உள் விநியோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருக்கிறது. சாதாரணப் புத்தகக் கடைக்குப் போகாது. சபையின் விநியோக நிலையங்களுக்குப் போகும். அங்கிருந்து சர்க்காரில் பதிவு செய்த கோயில்களுக்குப் போகும். கோயில் வளாகத்தில் ஒரு சிறு புத்தக அறை இருக்கும். அங்கேதான் விற்பனை.

வீட்டுச் சபைக்காரர் என்ன செய்வார்?

ஆயா கேட்ட கேள்வியின் முடிச்சு இதுதான். பதிவு செய்த கோயிலில்தான் பைபிள் கிடைக்கும். வீட்டுச் சபைக்காரரோ அந்தக் கோயிலுக்குப் போகாதவர். அவர் எப்படி வாங்குவார்?

போய் வாங்கலாம். பணம் கொடுத்தால் பல இடங்களில், "நீ எந்தச் சபை?" என்று கேட்பதில்லை. வாங்கிய புத்தகம் சட்டப்படியானது. வீட்டில் வைத்திருக்கலாம். போலீசார் வந்து பார்த்தாலும், "இது நான்ஜிங்கில் அச்சானது. கோயிலில் வாங்கினேன்" என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை பெரிய பாதுகாப்பு.

ஆனால் சில தடைகள் உண்டு. கோயில் தூரத்து நகரத்தில் இருக்கும். கிராமத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். மொத்தமாக வாங்கினால், "எதற்கு இத்தனை?" என்று கேள்வி வரும். பெயரைக் குறித்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு.

இந்த இடைவெளியில்தான் சில கிறிஸ்தவ ஊழியங்கள் வேலை செய்தன. அவர்கள் பைபிளைக் கடத்தவில்லை. வெளிநாட்டில் அச்சடித்துக் கொண்டுவரவும் இல்லை. சீனாவிலேயே சட்டப்படி அச்சான பைபிளுக்குப் பணம் கட்டினார்கள். அங்கீகாரம் பெற்ற சபை வழியாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பைபிள் ஏற்றிச் செல்ல வேன்களைக்கூட ஐக்கிய பைபிள் சங்கங்கள் வாங்கிக் கொடுத்தன. வாங்குகிறவருக்குச் செலவும் இல்லை, பயமும் இல்லை.

இதைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். "கடிவாளம் சர்க்காரின் கையில் இருக்கிறது. எத்தனை அச்சிடுவது, எங்கே கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அதை ஒப்புக்கொள்வதா?" என்று கேட்கிறார்கள். வாங் மிங்தாவ் போல ஜெயிலுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பு இல்லை. ஆயர் டிங் சர்க்காரின் ஆள் என்றே வீட்டுச் சபைக்காரர் பலர் நினைத்தார்கள். 2012-ல் அவர் இறந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த 8 கோடிப் புத்தகத்தில் பல, கோயிலுக்கே போகாதவர்களின் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் கிழவியின் வீட்டுக் கதவைத் தட்டிப் பறிமுதல் செய்யக் காரணம் இல்லை. இது சின்னக் காரியம் அல்ல.

குழாய் சிறுத்தது

அதே சமயம், கடிவாளத்தைப் பற்றிப் பயந்தவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. அது சில ஆண்டுகளில் தெரிந்தது.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2017-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. மத விவகாரங்களுக்கான புதிய விதிகள் 2018 பிப்ரவரி முதல் தேதி வந்தன. அதுவரை சீனாவின் பெரிய இணையக் கடைகளில் பைபிள் கிடைத்துக்கொண்டிருந்தது. சட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் யாரும் தடுக்கவில்லை. வீட்டுச் சபை வாலிபர்களுக்கு அது நல்ல வசதி. 2018 மார்ச் கடைசியில் அந்தக் கடைகளில் தேடினால் பைபிள் வரவில்லை. ஒரே வாரத்தில் மறைந்துவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏப்ரல் மாதத்திலேயே சீன சர்க்கார் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. தங்கள் நாட்டில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் 3 கோடியே 80 லட்சம் பேர் என்றும், பைபிள் கோடிக்கணக்கில் அச்சாகியிருக்கிறது என்றும் அதில் பெருமையாகச் சொல்லியிருந்தது.

2020-ல் செஜியாங் மாகாணத்தில் இணையப் புத்தகக் கடை நடத்திய ஒருவருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அனுமதி இல்லாமல் வெளியிலிருந்து வந்த மதப் புத்தகங்களை விற்றார் என்பது குற்றம். 2021-ல் கைப்பேசியில் பைபிள் படிக்கும் செயலி ஒன்று ஆப்பிள் நிறுவனத்தின் சீனக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. குர்ஆன் படிக்கும் செயலி ஒன்றும் அதே சமயத்தில் போயிற்று.

ஆக, சட்டப்படி வாங்க மிஞ்சியது பழைய வழிதான். கோயில் வளாகத்துச் சிறு அறை. நான்ஜிங்கில் அச்சான காகிதப் புத்தகம்.

தலைகீழ் எழுத்து

புத்தகம் கிடைத்துவிட்டால் போதுமா? படிக்கத் தெரிய வேண்டாமா?

சீனாவின் தென்மேற்கில் யுன்னான் மாகாணம் இருக்கிறது. அங்கே மலைகளில் லீசு என்ற ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு எழுத்து இல்லாமல் இருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசர் என்ற பாதிரியாரும் அவரோடு இருந்தவர்களும் ஓர் எழுத்து முறை செய்தார்கள். எப்படி? ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். அவை போதாதபோது, சிலவற்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள்! அச்சுக் கோப்பவருக்குப் புதிய எழுத்து வார்க்கும் செலவு இல்லை. இருக்கிற எழுத்தைத் திருப்பினால் போதும். அந்த எழுத்தில்தான் லீசு ஜனங்கள் இன்றும் பைபிள் படிக்கிறார்கள். நான்ஜிங் அச்சாபீசில் சிறுபான்மை ஜனங்களின் மொழிகளிலும் அச்சிடுகிறார்கள்.

இந்த மாதிரி மலைக் கிராமங்களில் வயதானவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்த பைபிள் சங்கங்கள் உதவிவந்தன. பகலெல்லாம் வயலில் வேலை செய்துவிட்டு, இரவில் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடம் உட்கார்ந்து சொன்னேன். மாரிசன் வாத்தியாரின் விஷத்தைக் கேட்டதும் "அடப் பாவமே!" என்றார். கடற்கரைக் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரவு வகுப்பைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னையாட்டம் கெழவிங்களா?"

"ஆமாங்க ஆயா. அறுபது, எழுபது வயசுக்காரங்ககூட உண்டாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். தன் பைபிளைத் திறந்து, ஒரு பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மறுபடியும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பெரிய எழுத்துல போடறாங்களாமா அங்க?"

போடுகிறார்கள். வயதானவர்களுக்கென்றே பெரிய எழுத்துப் பதிப்பு நான்ஜிங்கில் அச்சாகிறது. சொன்னேன்.

"அது நல்லது" என்றார் ஆயா. "இதுல எழுத்துப் பொடிசா இருக்குது கண்ணு. பெரிய எழுத்துல இங்க எங்க கெடைக்கும்னு அதையும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."